தடித்த குழாய், மெல்லிய டயர்

தார்ச்சாலையில் வேகமாகவும் நெடுந்தூரமும் போவதற்கென்றே அமைந்த சைக்கிள் ரோடு பைக். கீழே வளைந்திறங்கும் ஹேண்டில்பார், ஒடுங்கிய சீட், கேரியரும் ஸ்டாண்டும் மட்கார்டும் இல்லாத மெலிந்த உடம்பு ஆகியவை அதன் அடையாளங்கள். பால் கேனும் நெல் மூட்டையும் சுமந்து பழகிய இரும்புச் சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ எடை இருக்கும். நடுத்தர விலையுள்ள அலுமினிய ரோடு பைக் பெரும்பாலும் 9 முதல் 10.5 கிலோவுக்குள் அடங்கிவிடும். கார்பன் இழையால் ஆன பந்தய வண்டிகள் இதைவிட இலேசானவை. ஆனால் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பின் விதிப்படி, பந்தயத்தில் ஓடும் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆக, நடுத்தர வண்டிக்கும் உச்ச வண்டிக்கும் உள்ள தூரம் இரண்டு முதல் நான்கு கிலோதான். விலை மட்டும் பல மடங்கு ஏறிவிடுகிறது.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. வளையாமல் நிற்கும் திறனும் அதே மூன்றில் ஒரு பங்குதான். எனவே எஃகுக் குழாயின் அளவிலேயே அலுமினியக் குழாயைப் போட்டால் எடை குறையும். ஆனால் பெடலை அழுத்தி மிதிக்கும்போது ஃபிரேம் நெளியும். இதற்கான விடை குழாயின் விட்டத்தில் இருக்கிறது. மெல்லிய சுவருள்ள குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்குதான் கூடும். விறைப்போ எட்டு மடங்கு கூடும். அலுமினிய சைக்கிள்கள் தடித்த குழாய்களோடு நிற்பதன் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்தக் கணக்கு கைக்கு வரச் சில காலம் பிடித்தது. 1970களில் இத்தாலியின் ஆலன் நிறுவனமும், அடுத்துப் பிரான்சின் விட்டூஸும் எஃகுக் குழாயை ஒத்த மெல்லிய அலுமினியக் குழாய்களை ஒட்டி இணைத்து ஃபிரேம் செய்தன. அவை இலேசாக இருந்தன, நெளியவும் செய்தன. அப்படியிருந்தும் அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி 1980களில் விட்டூஸ் வண்டியில் பல பந்தயங்களை வென்றார். தடித்த குழாய்களைப் பற்றவைக்கும் வழியை அமெரிக்காவில் கேரி கிளைன் என்பவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த நாட்களில் வளர்த்தெடுத்தார். கேனன்டேல் நிறுவனம் 1983இல் அவ்வகை வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998இல் மார்கோ பாந்தானி டூர் டி பிரான்ஸை வென்றது பியான்கியின் அலுமினிய வண்டியில். அதன் பிறகு உச்சப் பந்தயங்களைக் கார்பன் எடுத்துக்கொண்டது. அலுமினியம் நடுத்தர விலைக்கு இறங்கி, வாரக் கடைசியில் ஓட்டுபவர்களின் உலோகமானது.

சைக்கிளுக்குப் பயன்படுவது தூய அலுமினியம் அல்ல. மெக்னீசியமும் சிலிக்கனும் கலந்த 6061 என்ற கலவை அதிகம் புழங்குகிறது. பற்றவைக்கும் சூட்டில் இணைப்பைச் சுற்றிய பகுதி வலுவிழந்துவிடும். அதனால் முழு ஃபிரேமையும் உலையில் சூடாக்கி, குளிர்வித்து, மீண்டும் மிதமான வெப்பத்தில் வைத்து வலுவூட்டுகிறார்கள். குழாயின் சுவரை அழுத்தம் விழும் முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் இழுப்பது எடையைக் குறைக்கும் இன்னொரு வழி. உயர் அழுத்தத் திரவத்தைக் குழாய்க்குள் செலுத்தி, அச்சுக்கேற்ற வடிவத்துக்குப் புடைக்கச் செய்யும் முறை, வட்டமல்லாத குழாய்களையும் சாத்தியமாக்கியது. இத்தனை வேலைப்பாட்டின் மறுபக்கம் ஒன்று உண்டு. விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் சரிசெய்ய முடியாது. ஒட்டு பிடித்தாலும் அந்த இடத்தின் வலு திரும்பாது.

அலுமினிய வண்டி உடம்பை உலுக்கும் என்பது பழைய குற்றச்சாட்டு. தொடக்க கால வண்டிகளைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் அன்று அவற்றில் பூட்டியிருந்த டயர் 23 மில்லிமீட்டருக்கு மேல் அகலமில்லை. காற்றும் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றப்பட்டது. முக்கோணங்களால் ஆன ஃபிரேம், எந்த உலோகமானாலும், மேலும் கீழுமாக மிகக் கொஞ்சமே வளையும். குலுக்கலில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது டயருக்குள் இருக்கும் காற்றுதான். இன்றைய நடுத்தர வண்டிகளில் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் சாதாரணம். 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் 70 முதல் 80 பி.எஸ்.ஐ. வைத்தால் போதும். கரடுமுரடான சாலையில் அளவுக்கு மீறி இறுகிய டயர் துள்ளித் துள்ளி வேகத்தை இழக்கும். சற்றுத் தளர்ந்தது சாலையைப் பற்றிக்கொண்டு உருளும். முன்பக்க ஃபோர்க் கார்பனால் ஆனதா என்று பார்ப்பதும் நல்லது. கைக்கு வரும் அதிர்வை அது ஓரளவு தணிக்கும், எடையையும் குறைக்கும்.

வண்டியின் விலையைப் பெரும்பாலும் ஏற்றி இறக்குவது கியர் தொகுதி. ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் வரிசையில் கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10 என்று பின்சக்கரப் பற்சக்கரங்களின் எண்ணிக்கை படிப்படியாக ஏறும். அடுத்த படியான 105 நெடுங்காலம் 11 ஆக இருந்து, 2022 முதல் 12க்கு மாறியது. நடுத்தர வண்டி என்ற பெயர் பெரும்பாலும் டியாக்ராவையும் 105ஐயும் சுற்றியே நிற்கிறது. படி ஏற ஏற, அடுத்தடுத்த கியர்களுக்கு இடையேயான இடைவெளி குறைந்து மிதிப்பு சீராகும்.

ஏறும் வசதியைத் தீர்மானிப்பது இந்த எண்ணிக்கை அல்ல, பற்களின் விகிதம். முன்னால் 50 பல்லும் பின்னால் 11 பல்லும் சேர்ந்தால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 9.7 மீட்டர் போகும். முன்னும் பின்னும் 34 பல் என்றால் 2.1 மீட்டர். முதலாவது சமவெளிக்கும் இறக்கத்துக்கும் உரியது. இரண்டாவது, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற ஏற்றங்களில் முழங்காலைக் காப்பது. மலைக்குப் போக நினைப்பவர், பின்சக்கரத்தின் பெரிய பல்வட்டம் 32 அல்லது 34 பல் கொண்டதா என்று வாங்கும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரேக்கிலும் தேர்வு உண்டு. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் இலேசானது. எந்தச் சைக்கிள் கடைக்காரரும் சரிசெய்யக்கூடியது. மழையில் மட்டும் அது தாமதமாகப் பிடிக்கும். டிஸ்க் பிரேக் ஈரத்திலும் நெடிய இறக்கத்திலும் உறுதியாக நிறுத்தும். அகல டயருக்கும் இடம் விடும். ஆனால் அதன் தட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிப்பு போய்விடும்.

நல்ல வண்டியும் அளவு பொருந்தாவிட்டால் இடுப்பு வலியாகவும் மரத்துப்போன விரல்களாகவும் மாறும். சீட்டின் உயரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. வெறுங்காலோடு நின்று, தரையிலிருந்து கவட்டை வரையுள்ள நீளத்தை அளந்து 0.883ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டில் இடுப்பு இருபுறமும் ஆடக் கூடாது.

பராமரிப்பில் முதலிடம் காற்றுக்கு. மெல்லிய டயரில் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறையாவது அளந்து அடிக்க வேண்டும். இவ்வண்டிகளின் டியூபில் இருப்பது பிரெஸ்டா என்னும் ஒல்லியான வால்வு. வால் டியூப் போட்ட பழைய சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு அதில் நேரடியாகப் பொருந்தாது. இணைப்பித் திருகு ஒன்றும் மாற்று டியூபும் கைப்பம்பும் இல்லாமல் கிளம்பினால், வழியில் பஞ்சர் ஆனவருக்கு நடைதான் மிச்சம்.

அடுத்தது செயின். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மில்லிமீட்டர். தேய்ந்து அது 306.3ஐத் தொட்டால் 11, 12 கியர் வண்டிகளில் செயினை மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பற்சக்கரங்களும் சேர்ந்து தேயும். செலவு பல மடங்காகும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மழையில் நனைந்த பிறகும் அழுக்கைத் துடைத்து எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டால் போதும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. செந்துரு வராது, உப்பு பட்டால் வெண்பொடியாக அரிக்கும். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் ஓட்டுபவருக்குக் கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து இரட்டை உப்பு. எஃகுத் திருகும் கார்பன் சீட் தண்டும் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் அரிப்பு இன்னும் வேகமாகும். ஓட்டி வந்ததும் நன்னீரில் துடைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை சீட் தண்டைக் கழற்றி உரிய பசை தடவிப் பூட்டுவதும் இதைத் தடுக்கும். இல்லாவிட்டால் தண்டு குழாயோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

எஃகு ஒரு வரம்புக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. சிறு அழுத்தங்களும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் தயாரிப்பவர்கள் தேவைக்கு மேலான வலுவோடு ஃபிரேமைச் செய்கிறார்கள். விபத்துக்குள்ளாகாத நல்ல ஃபிரேம் பல்லாண்டு உழைக்கும். ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாயின் இணைப்பு, பெடல் கைகள் சுழலும் அச்சின் சுற்றுப்புறம், பின்சக்கரம் பூட்டும் முனைகள் ஆகியவற்றைக் கழுவும்போதெல்லாம் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால், அடியில் விரிசல் இல்லை என்று உறுதியாகும்வரை ஏறக் கூடாது. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்னும் சிறு துண்டு மட்டும் விழுந்தால் வளைவதற்கென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. ஃபிரேமைக் காப்பாற்றத் தன்னைக் கொடுப்பது அதன் வேலை. அதைத் தனியாக மாற்றிவிடலாம்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டால் நடுத்தர அலுமினிய வண்டி எவ்வளவு தூரம் போகும்? ஆடாக்ஸ் எனப்படும் நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை, சாப்பாட்டு நேரமும் சேர்த்து, 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பயிற்சி பெற்றவருக்கு இந்த வண்டி அதில் ஒருபோதும் தடையாக நிற்பதில்லை. கையில் கூடுதல் பணம் இருப்பவர் அதை முதலில் நல்ல டயருக்கும், அடுத்து உடம்புக்கேற்ற சீட்டுக்கும் அளவு பார்த்துப் பொருத்துவதற்கும், பிறகு இலேசான சக்கரங்களுக்கும் செலவிடலாம். ஃபிரேமை மாற்றும் யோசனை கடைசியில் வர வேண்டியது.