தாத்தா இருந்த வீட்டின் எண் என்ன?



ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் தாத்தா பினாங்கில் வந்து இறங்கியபோது எந்தத் தெருவில் தங்கினார்? வீட்டு எண் என்ன? உங்கள் அம்மா பிறந்த வீடு எது? அது இன்று இருக்கிறதா, இடித்துவிட்டார்களா?

நம்மில் பலருக்கு இதற்குப் பதில் தெரியாது. "ரஜூலா கப்பலில் வந்தார்" என்று சொல்லத் தெரிகிறது. கப்பலை விட்டு இறங்கிய அன்று இரவு எங்கே படுத்தார் என்று சொல்லத் தெரியவில்லை. "அந்தக் கோயிலுக்குப் பின்னால்", "மாட்டுக்கொட்டகைப் பக்கம்" என்று கையை நீட்டிக் காட்டிய பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனால் அந்த முகவரியும் அவர்களோடு போய்விடும்.

போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதை இந்தத் தலையங்கத்தில் பேசுவோம்.

ஜார்ஜ்டவுனில் நாம் நேற்று வந்தவர்கள் அல்ல. 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏற்றிய சில ஆண்டுகளிலேயே இங்கே நமக்கென ஒரு தெரு இருந்தது. இன்றைய லெபோ சூலியா தொடக்கத்தில் மலபார் தெரு என்றே அழைக்கப்பட்டது. 'மலபார்' என்பது அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் சேர்த்து அழைத்த பெயர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் தொடங்கியது. குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. இந்து, முஸ்லிம் என்ற பேதமில்லாமல் தமிழ் பேசிய மக்கள் இந்தத் தெருக்களில் சுமை தூக்கினார்கள், படகு ஓட்டினார்கள், கடை வைத்தார்கள், வட்டித்தொழில் செய்தார்கள், துணி வெளுத்தார்கள்.

கோயிலும் பள்ளிவாசலும் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் எங்கே?

1969-இல் பினாங்கின் சுங்க வரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. துறைமுகத்தை நம்பியிருந்தவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. அதற்குப் பிறகும் பழைய வாடகையில் பலர் நகருக்குள் ஒண்டியிருந்தார்கள். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2000 பிறந்ததும் வாடகை எகிறியது. தலைமுறை தலைமுறையாக மேல்மாடி அறையில் இருந்த ஏழைக் குடும்பங்கள் மூட்டை கட்டின. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாருக்கும் அதே கதிதான். ஆனால் வீடும் நிலமும் இல்லாத வாடகைக்காரர்களாகவே காலம் தள்ளியவர்கள் விட்டுச் சென்ற சுவடு மிகக் குறைவு.

2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. அதே ஆண்டில் தெருப் பலகைகளில் தமிழும் ஏறியது. மகிழ்ச்சிதான். ஆனால் பலகையில் தமிழ் ஏறிய நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து தமிழன் இறங்கிவிட்டான் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று சுற்றுப்பயணி கையில் வைத்திருக்கும் வரைபடத்தில் நாம் 'லிட்டல் இந்தியா' என்ற ஒரு சிறிய கட்டம். பூக்கடை, சேலைக்கடை, தோசைக்கடை, அவ்வளவுதான்!

நாமே நமக்கு ஒரு வரைபடம் செய்துகொண்டால் என்ன?

இன்று இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். கூகுள் எர்த்தும் இலவசம். உங்கள் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். வேலை நடக்கும் முறை இதுதான்.

முதலில் ஒரு பழைய வரைபடம் வேண்டும். ஜார்ஜ்டவுனுக்கு 1893-ஆம் ஆண்டின் கெல்லி வரைபடம் இருக்கிறது. கடைவீடுகளைத் தனித்தனியாகக் காட்டும் அளவுக்குப் பெரியது. அதன் படத்தைக் கணினியில் ஏற்றி, அன்றும் இன்றும் இடம் மாறாத புள்ளிகளைக் குறிக்க வேண்டும். கார்ன்வாலிஸ் கோட்டையின் மூலை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என்று நான்கைந்து இடங்களைப் பொருத்தினால், பழைய வரைபடம் இன்றைய வரைபடத்தின் மேல் வந்து உட்காரும். அதன் பிறகு ஒவ்வொரு பழைய வீட்டின் மேலும் ஒரு புள்ளி வைக்கலாம். யார் இருந்தார்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன தொழில் என்று அந்தப் புள்ளியில் எழுதலாம்.

சொல்வது எளிது. செய்யும்போது முதல் முட்டுக்கட்டை தெருவின் பெயர். பாட்டி 'கடைத்தெரு' என்பார். பிறப்புப் பத்திரத்தில் 'மார்க்கெட் ஸ்திரீட்' என்று இருக்கும். கூகுளோ 'லெபோ பசார்' என்று காட்டும். மூன்றும் ஒன்றுதான். பழைய கடிதத்தில் 'பிட் ஸ்திரீட்' என்று இருந்தால் இன்று அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். நாம் 'தண்ணீர்மலை' என்று காவடி தூக்கிப் போகும் இடத்தின் சாலை வாட்டர்ஃபால் ரோடாக இருந்து, இன்று ஜாலான் கெபுன் புங்கா ஆகிவிட்டது. ஆகவே முதல் வேலை ஒரு பட்டியல். ஒரு தெருவுக்கு ஒரு வரி. அதில் தமிழர் சொன்ன பெயர், ஆங்கிலப் பெயர், இன்றைய மலாய்ப் பெயர், சீனர் சொன்ன பெயர் நான்கும் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயரை நிரப்ப எந்தப் பேராசிரியரையும் விட உங்கள் வீட்டுப் பாட்டிதான் தகுதியானவர்.

இரண்டாவது முட்டுக்கட்டை வீட்டு எண். ஒரு கடைவீட்டை இரண்டாகப் பிரித்தால் எண்ணோடு 'ஏ', 'பி' சேரும். இரண்டை ஒன்றாக்கினால் ஓர் எண் காணாமல் போகும். வரிசையே திருத்தப்பட்டிருக்கவும் கூடும். எனவே எண்ணை மட்டும் நம்பிப் புள்ளி வைக்கக் கூடாது. பக்கத்துக் கடை எது, எதிரே என்ன இருந்தது, மூலையிலிருந்து எத்தனையாவது வீடு என்றும் கேட்டு எழுதுங்கள். உறுதியானதை ஒரு நிறத்திலும் ஏறக்குறைய என்பதை வேறு நிறத்திலும் காட்டுங்கள். ஆசைக்காகப் பொய்யான புள்ளி வைத்தால், ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு நூறு உண்மையையும் தள்ளிவிடுவார்கள்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? உங்கள் இரும்புப் பெட்டியில்! ஊரிலிருந்து வந்த கடித உறை, பிறப்புப் பத்திரம், திருமண அழைப்பிதழ், பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, வாடகை ரசீது, கோயில் நன்கொடைச் சீட்டு, எல்லாவற்றிலும் முகவரி இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பினாங்கில் வெளிவந்தவையும் அதில் உண்டு. ஆனால் அந்தக் காலத்து முகவரிப் புத்தகங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகளும் பெரிய முதலாளிகளும்தான் முன்னே நிற்பார்கள். சுமை தூக்கியவன் பெயரை எந்தப் புத்தகமும் தேடி எழுதவில்லை. அதனால்தான் உங்கள் இரும்புப் பெட்டிக்கு மதிப்பு.

இதனால் நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறீர்களா? கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். மாடு வளர்த்துத் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்களின் வீடுகள் 2009-இல் இடித்துத் தள்ளப்பட்டன. இன்று அங்கே போய் எந்த வீடு எங்கே இருந்தது என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட முடியுமா? சிவப்பு அடையாளக் கார்டோடு அலைந்த நம்மவர்களையும் நினைத்துப் பாருங்கள். "எங்கே பிறந்தாய், எந்த வீட்டில் இருந்தாய், என்ன சான்று?" என்ற கேள்விக்கு முன்னால் வாய்வார்த்தை நிற்பதில்லை. தேதி போட்ட ஒரு காகிதத் துண்டு நிற்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வரைபடத்தில் வைத்த புள்ளி நிலப்பட்டா ஆகாது. அதைக் காட்டி வழக்கில் வெல்லலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் "இங்கே நீங்கள் இருந்ததே இல்லை" என்று எவனும் சொல்ல முடியாமல் செய்ய அது உதவும். அடுத்த முறை ஒரு தெருவை, ஒரு கம்பத்தைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் நாம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. இந்தத் தெருக்கள் நமக்கு மட்டும் சொந்தமானவையும் அல்ல. ஒரே கடைவீட்டின் கீழே சீனர் கடையும் மேலே நம்மவர் அறையும் இருந்திருக்கலாம். இரண்டையும் எழுதுவோம். நம் பெயரை எழுத அடுத்தவர் பெயரை அழிக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கையும் தேவை. இன்று உயிரோடிருப்பவர்களின் இப்போதைய முகவரி, அடையாளக் கார்டு எண் எதையும் இணையத்தில் போடாதீர்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டால் போதும்.

வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் மூத்தவரை உட்கார வைத்து, ஒரு பிள்ளையின் கையில் நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தெருப் பெயர், வீட்டு எண், பக்கத்து வீட்டுக்காரர், எந்த ஆண்டு வந்தார்கள், எந்த ஆண்டு வெளியேறினார்கள், ஏன் வெளியேறினார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அவரை அந்தத் தெருவுக்கே அழைத்துப் போங்கள். கால் நடந்த இடத்தை வாய் மறந்தாலும் கால் மறக்காது.

கணினி வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மென்பொருள் அடுத்த ஆண்டும் இருக்கும். பாட்டி இருப்பாரா?