கேரவனுக்கு இரண்டாவது பூட்டு... தூங்குகிறவன் கதி?

இங்கிலாந்தில் படுக்கை, அடுப்போடு ஓடும் கேரவன் வேன்கள் ஏராளம். பல, பியட் டுகாட்டோ வேன் மேல் கட்டியவை. ஆள் ஏறும் பக்கத்துக் கதவு பெரும்பாலும் லேசானது. பலே திருடனுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்! அதனால் கதவுக்குக் குறுக்கே மடங்கும் கைப்பிடிப் பூட்டு, கூடுதலாக ஒரு டெட்லாக் என்று மாட்டுகிறார்கள். மாட்டட்டும். பார்த்ததுமே பயல் அடுத்த வண்டிக்கு நழுவிடுவான்.

ஆனால் ராத்திரி உள்ளே படுத்துக்கொண்டு, சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டைப் பூட்டலாமா? தலைமாட்டிலேயே காஸ் அடுப்பு இருக்குதே! 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி, திருட்டுத்தனமாக ஏற்றிவந்த காஸ் சிலிண்டரால் எரிந்து 9 பேர் பலியானார்களே, மறந்துபோச்சா? புகையில் சாவித்துவாரம் தெரியுமா?

உள்ளிருந்து கையால் திருகினாலே திறக்கிற பூட்டாகப் பார்த்து வாங்குங்க. வேனிலேயே சமைத்துத் தூங்கி டூர் போகிற நம்மூர்க்காரர்களுக்கும்தான் சொல்கிறேன்.