சந்தைக்குப் போன சிறுவன்

இளம்பருவத்து மையலையும் அதன் முறிவையும் பேசும் கதைகளை நம் இல்லங்களுக்குள் விடலாகாது என வாதிடும் அன்பர்கள் உளர். பிள்ளைகள் கெட்டுப்போவர் என்பது அவர்தம் அச்சம். அச்சம் நியாயமானதே, முடிவுதான் பிழை என்கிறோம்.

ஜேம்ஸ் ஜாய்ஸ் என்னும் ஐரிஷ் எழுத்தாளர் 1914இல் வெளியிட்ட 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'அராபி' என்றொரு சிறுகதை உண்டு. அரபு நாட்டுக் கதையன்று. டப்ளின் நகரில் கூடிய ஒரு சந்தையின் பெயர் அது. (பகட்டுக்கெல்லாம் அரபுப் பெயர் சூட்டும் மேற்கத்தியர் வழக்கத்தைப் பிறிதொருகால் பேசுவோம்.) தோழனின் சகோதரிமீது நெஞ்சைப் பறிகொடுத்த சிறுவன் ஒருவன், அவளால் போகவியலாத அச்சந்தையிலிருந்து ஏதேனும் வாங்கி வருவதாக, கையில் காசில்லாமலே வாக்களித்து விடுகிறான். அன்றுமுதல் பாடம் ஏறவில்லை. ஆசிரியரின் முகம் மாறுவதை அவன் பார்க்கிறான். சோம்பல் பிடித்துவிட்டதோ என ஐயுற்றுக் கடுகடுக்கிறார். அவ்வளவே. பணம் தரவேண்டிய மாமாவோ அதை மறந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறார். தனியே ரயிலேறிப் போனவன் கண்டது மூடிய கடைகளை. திறந்திருந்த ஒரு கடையிலும் விற்பவள் இரு இளைஞரோடு சிரித்துப் பேசிக்கொண்டு, கடமைக்கு அவனை விசாரிக்கிறாள். விளக்குகள் அணைகின்றன. தன் பேதைமை தனக்கே தெரிய, அவமானத்தாலும் சினத்தாலும் கண்கள் எரிய, இருளில் நிற்கிறான்.

இதில் ஆபாசம் எங்கே? எந்தப் பிள்ளை இதைப் படித்துக் காதலிக்கப் புறப்படுவான்? உண்மையில் இக்கதை சுடுவது பெரியவர்களை. அவ்வீட்டில் ஒருவரேனும் 'உனக்கு என்ன?' என்று கேட்டிலர். ஓதிக்கொடுக்கும் தொழிலில் உள்ளோர் அந்த ஆசிரியர் வரும் இடத்தை இருமுறை படிக்கவேண்டும்.

மார்க்கம் கற்றோர் இவற்றைத் தொடலாமா என்பாரும் உளர். கி.பி. 994இல் குர்துபாவில் பிறந்த இமாம் இப்னு ஹஸ்ம், ஃபிக்ஹுச் சட்டத்தில் இம்மியும் வளையாதவர். அவரே 'தவ்குல் ஹமாமா' எனக் காதலின் இயல்பை ஆராய்ந்து நூல் செய்தார். இருபது வயது நிரம்புமுன் தாம் நேசித்த நுஃம் என்பாள் இறந்தபோது ஏழு மாதம் ஆடை களையாது துயருற்றதை அதில் மறையாது எழுதினார். பாவத்தின் இழிவும் கற்பொழுக்கத்தின் சிறப்பும் அந்நூலின் இறுதி இரு இயல்களில்தான் வருகின்றன. நோயை இன்னதென்று சொன்ன பின்னரே மருந்துக்கு வந்தார்.

கதைநூல்களைப் பரணில் ஏற்றச் சொல்லும் அன்பர்கள் முதலில் இப்னு ஹஸ்மை ஏற்றட்டும். பிறகு ஜாய்ஸிடம் வரலாம்.