பாட்டி சொன்ன கொசு

மாணவர்களே, படிவம் நான்கில் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: "டீச்சர், நான் அறிவியல் படிக்கப் போறேன். நூறு வருசத்துக்கு முன்னால என்ன நடந்தா எனக்கென்ன? அதைத் தெரிஞ்சுக்கிட்டு இன்னைக்கு நான் என்ன முடிவெடுக்கப் போறேன்?" எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு கட்டாயம் தேற வேண்டிய பாடம் என்கிற எரிச்சலும் அந்தக் கேள்வியில் கலந்திருந்தது.

வழக்கமாக ஆசிரியர்கள் சொல்லும் பதிலை நான் சொல்லவில்லை. பழசைத் தெரிந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. பழசை நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாமானில் மூன்று வீடுகளில் டிங்கிக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தான். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போனதால் அவன் அம்மா வராந்தாவை விட்டு நகரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பாட்டி சின்ன வயதில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த லாலாங் புல்லை வெட்டினேன். சாக்கடையைத் தள்ளிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன். பொழுது சாய்ந்ததும் சன்னலை அடைத்தேன், இரவில் கொசுவலை கட்டினேன். கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த வாரம் சுகாதார ஊழியர் ஒருவர் வந்தார். சாக்கடைப் பக்கம் அதிக நேரம் நிற்கவே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய், குளிர்பதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில் டார்ச் விளக்கை அடித்தார். புழுக்கள் நெளிந்தன. பிறகு, சன்னலோரம் நான் ஆசையாக வைத்திருந்த மணி பிளாண்ட் போத்தலைப் பார்த்தார். அதிலும் புழுக்கள். அறிவியல் டீச்சர் வீட்டில்!

பாட்டி சொன்னது பொய்யா? இல்லை. பாட்டியின் கொசு வேறு, என் வீட்டுக் கொசு வேறு. பாட்டி வளர்ந்தது உலு சிலாங்கூர் பக்கத்தில் ஒரு மேட்டுப் பால்மரத் தோட்டம். அங்கே மக்களைக் கொன்றது மலேரியா. அதைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு பெரும்பாலும் இரவில் கடிக்கும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் மாலை மங்குவதற்கு முன்னும் கடிக்கும்; வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். நான் பாட்டியின் முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்த காரணத்தைக் கேட்கவில்லை.

அந்தக் காரணத்தைத் தேடிப் போனால் 1901-ஆம் ஆண்டு கிள்ளானுக்குப் போக வேண்டும். நம் கோல சிலாங்கூர் போலவே அதுவும் கடலோரத் தாழ்நிலம்தான். அந்த ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், புதிதாகத் திறக்கப்பட்டது. திறந்த வேகத்தில் மலேரியா புகுந்தது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்கிற அளவுக்குப் பேச்சு எழுந்தது. மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அந்த ஆண்டுதான் கிள்ளானில் பணியேற்றிருந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரோனால்டு ரோஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பியவர்கள் இன்னும் நிறைய இருந்த காலம். வாட்சன் ரோஸின் பக்கம் நின்றார். காட்டை வெட்டி, சதுப்பில் வாய்க்கால் தோண்டி நீரை வடித்தார்கள்.

விளைவைப் பாருங்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் 582 மரணங்கள். 1902-இல் 144. 1903-இல் 115. மலேரியாவுக்காகக் கிள்ளான் நகரிலிருந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 334-இலிருந்து 129 ஆகி, பிறகு 48 ஆனார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. வாட்சன், வாய்க்கால் வெட்டப்படாத மாவட்டத்தின் மற்றப் பகுதிகளின் கணக்கையும் எழுதி வைத்தார். அங்கே காய்ச்சல் மரணங்கள் அப்படிக் குறையவில்லை. தமிழ்ப்பள்ளியில் மாறிகளைப் பற்றிப் படித்திருப்பீர்களே, அதே சிந்தனை. மற்றப் பகுதிகளின் கணக்கு இல்லாவிட்டால், 'அந்த ஆண்டு மழை குறைவு, அதனால் நோய் குறைந்தது' என்று யாராவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் என் மாணவருக்கு நான் எளிதாகப் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் முடியவில்லை. பால்மரத் தோட்டங்கள் கடலோரத்திலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறின. கிள்ளானில் வென்ற அதே வழி, காட்டை வெட்டி நீரை ஓடவிடும் வழி, அங்கே பலிக்கவில்லை. காட்டை வெட்ட வெட்ட மலேரியா கூடியது. அதற்குப் பலியானவர்களில் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் ஏராளம்.

காரணம் கொசுவின் குணம். தாழ்நிலத்தில் மலேரியாவைப் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ். அது மர நிழலில் தேங்கும் நீரில் வளரும். மரத்தை வெட்டி நீரை வடித்தால் அதற்கு வாழ்விடம் இல்லை. மேட்டு நிலத்துக் கொசு அனோபிலிஸ் மாக்குலாத்தஸ். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் வேண்டும். நிழல் தந்த மரங்களை மனிதன் வெட்டியபோது அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வாட்சன் தம் சொந்த வெற்றியையே சந்தேகப்பட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் மேட்டுப் பகுதிகளில் ஓடை நீரைக் குழாய் வழியாக நிலத்துக்கு அடியில் கொண்டுபோவதும், நீரின் மேல் எண்ணெய் தெளிப்பதும் வந்தன. எந்த இடத்தில் எந்தக் கொசு என்று முதலில் கண்டறிந்து, அந்த ஒன்றை மட்டும் குறிவைக்கும் முறை இப்படித்தான் உருவானது.

பாட்டியின் தோட்டத்திலும் ஓர் எண்ணெய்க்காரர் இருந்தாராம். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை ஓடையோரம் வருவாராம். ஏன் வாரம் ஒருமுறை? நம் நாட்டு வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, சில வகைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். அதற்குள் புழுவைக் கொன்றுவிட்டால் பறக்கும் கொசு இல்லை. புழு மூச்சு வாங்க நீரின் மேற்பரப்புக்குத்தான் வர வேண்டும். எண்ணெய்ப் படலம் அதை மூச்சுத் திணற வைக்கும். இப்போது சுகாதார அமைச்சு 'வாரம் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்' என்கிறதே, அதுவும் இந்தக் கணக்குத்தான். ஓடையும் லாலாங்கும் என் வீட்டுக்குப் பொருந்தவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் பொருந்துகிறது. எது பொருந்தும், எது பொருந்தாது என்பது காரணம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

நான் மட்டுமா ஏமாந்தேன்? நாடே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 1998-இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பிறகு அது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. பன்றி, மூளைக் காய்ச்சல் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நினைவுக்கு வந்தது. அதன் கிருமி பன்றியில் பெருகும், வயல்நீரில் வளரும் கொசு அதைப் பரப்பும். நம் செகிஞ்சான், சுங்கை பெசார் பிள்ளைகளுக்கு வயல்வெளிக் கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நோயாளிகள் சிலரின் இரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. எனவே தடுப்பூசி போட்டார்கள், கொசுப்புகை அடித்தார்கள். அதிகாரிகளை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று கையிலிருந்த அறிவை வைத்து எடுத்த நியாயமான முடிவு அது.

ஆனால் சில விவரங்கள் இடித்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவது குழந்தைகளை. இங்கே விழுந்தவர்கள் பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காதே, பிறகு ஏன் பண்ணைக்கு அருகில் வாழ்ந்தும் பன்றியைத் தொடாத குடும்பங்களுக்கு வரவில்லை? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது புதிய கிருமி என்று கண்டார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. அதற்குள் நூறு பேர் வரை இறந்துபோயிருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொன்றுதான் நோயை நிறுத்தினார்கள்.

அப்படியானால் பழைய அறிவு இடைஞ்சல்தானா? அவசரப்படாதீர்கள். இந்தப் புதிய கிருமிக்கு ஆஸ்திரேலியாவில் 1994-இல் குதிரைகளையும் மனிதரையும் தாக்கிய ஹெண்ட்ரா கிருமி நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அது பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது என்பதும் ஏற்கெனவே தெரியும். அதனால்தான் இங்கும் வௌவாலைத் தேடினார்கள். நிப்பாவும் அங்கேதான் இருந்தது.

இந்தியாவையும் பாருங்கள். 2001-இல் சிலிகுரி நகரில் நிப்பா பரவியபோது அது என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனைக்குள்ளேயே பலருக்குத் தொற்றியது. சேமித்து வைத்த மாதிரிகளைச் சில ஆண்டுகள் கழித்துச் சோதித்த பிறகுதான் பெயர் தெரிந்தது. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தவுடனேயே மருத்துவர்கள் நிப்பாவைச் சந்தேகித்துவிட்டார்கள். சந்தேகித்ததோடு நிற்காமல் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அப்படியும் 17 உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிப்பா வந்தது. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை.

1998-இல் ஈப்போவிலும் 2018-இல் கோழிக்கோட்டிலும் மருத்துவர்கள் செய்தது முதலில் ஒன்றுதான்: பழைய நோயை நினைவுகூர்ந்தார்கள். ஓரிடத்தில் அந்த நினைவு முடிவாகவே ஆகிவிட்டது. மற்ற இடத்தில் அது கருதுகோளாக இருந்தது, சோதனைக்குப் போனது. என் கருத்தில் வித்தியாசம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பழசு நமக்குக் கேள்வியைத் தரும். விடையை இன்றைய தண்ணீரில்தான் தேட வேண்டும்.

அந்தப் படிவம் நான்கு மாணவருக்கு நான் வாட்சனின் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மேட்டு நிலத்துக் கதையைச் சொல்லவில்லை. "நீ ஒரு மலைத் தோட்டத்து நிர்வாகி. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "காட்டை வெட்டுவேன் டீச்சர்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். மீதியைச் சொன்ன பிறகு அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வருகிற சனிக்கிழமை எங்கள் தாமானில் கோத்தோங் ரோயோங். எப்போதும்போல் புல்வெட்டும் இயந்திரமும் மண்வெட்டியும் வரும். அவையும் வரட்டும், தாமான் சுத்தமாக இருப்பது நல்லதுதான். நான் மாணவர்களை டார்ச் விளக்கோடு வரச் சொல்லியிருக்கிறேன். பூச்சாடித் தட்டு, பழைய டயர், கூரைத் தகரத்து நீர்த்தாரை, கைவிடப்பட்ட வாளி, ஆளில்லாத வீட்டுக் கழிவறைத் தொட்டி ஆகியவற்றில் எத்தனை இடத்தில் புழு இருந்தது என்று எண்ணி எழுதப் போகிறோம். உங்கள் தாமானிலும் எண்ணிப் பாருங்கள்.

போன வாரம் பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். டிங்கிக் கொசு பகலில் கடிக்கும், வீட்டுக்குள்ளேயே வளரும் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அந்த எண்ணெய்க்காரன் இப்ப வாரம் ஒருவாட்டி வீட்டுக்குள்ளதான் வரணும்னு சொல்லு" என்றார்.