உப்புக் கர்வம்

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இரண்டு கர்வம் உண்டு. ஒன்று ஆற்றுத் தண்ணீர். மற்றொன்று தூத்துக்குடி உப்பு. முதல் கர்வத்தில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டாவதோடுதான் இன்று என் சண்டை.

பாளையங்கோட்டையில் ஒரு கடையில் அயோடின் உப்பு கேட்டேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்களுக்கு என்னத்துக்கு அது? மலையிலே இருக்கவனுக்கு வேணும். நமக்குக் கடல் இந்தா கெடக்கு. நம்ம கல்லுப்புல இல்லாத அயோடினா?" என்றார். பக்கத்தில் நின்ற படித்த மனிதர் ஒருவர், "எல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சி" என்று ஒத்து ஊதினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. கடல் நீரில் அயோடின் உண்டு, மீனிலும் உண்டு. அளத்துப் பாத்தியில் நீர் வற்றி உப்பு விளையும்போது அது உப்போடு சேர்ந்து வருவதில்லை. வருகிற சொற்பமும் நம் தேவைக்குக் காணாது. பொட்டாசியம் அயோடேட்டைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். ஆயுள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி தேறாது. கர்ப்பிணிக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறகு எந்த வைத்தியனும் அதைத் திருப்பித் தர முடியாது. கம்பெனிக்காரன் கொள்ளை விலை வைத்தால் அவனோடு சண்டை போடுவோம். தமிழ்நாடு உப்புக் கழகம் என்று அரசாங்கமே ஒன்று நடத்துகிறது. அங்கும் அயோடின் உப்பு உண்டு. கம்பெனி மேலுள்ள கோபத்துக்குப் பிள்ளையின் மூளையையா பணயம் வைப்பது?

2018-19இல் எடுத்த கணக்கில், நாட்டில் 100 வீடுகளில் 76இல் போதிய அயோடின் உள்ள உப்பு இருந்தது. உப்பு விளைகிற தமிழ்நாட்டில் 62 தான்.

அண்ணாச்சியை மட்டும் குற்றம் சொல்லி என்ன? 1962இல் சர்க்கார் தொடங்கிய திட்டத்துக்குப் பெயரே 'கழலை'த் திட்டம். அந்தப் பெயரை மாற்ற 1992 வரை ஆயிற்று. வீங்கிய கழுத்தைப் படம் போட்டுக் காட்டினால், நம்மூர்க்காரன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்து, 'நமக்கில்லை' என்று போய்விடுவான். அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று 1998இல் தடை போட்டார்கள், 2000இல் எடுத்தார்கள், 2006இல் மறுபடியும் போட்டார்கள். ஏன் போட்டார்கள், ஏன் எடுத்தார்கள் என்று உப்பு விற்கிறவனிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் உண்டா? அவன் சொல்லைத்தானே தெருவே நம்புகிறது?

கல்லுப்பை விடச் சொல்லவில்லை. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. உறையைப் படித்து வாங்குங்கள்; ஈரம் படாமல் மூடி வையுங்கள். அவ்வளவுதான்.

அண்ணாச்சி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பது எனக்குத் தெரியும்.

"வீட்டுக்கும் ஒண்ணு கொண்டு போங்க அண்ணாச்சி. மக மாசமா இருக்காள்லா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு பாக்கெட்டை எடுத்து, உறையிலிருந்த எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கினார்.