உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் விசுவாசமே

தியானப் பகுதி: லூக்கா 14:28-30



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த நாள்முதல், வீடு சந்திப்புக்குச் செல்லும் இடமெல்லாம் ஒரே ஜெப விண்ணப்பம்தான்: "பிள்ளைக்கு நல்ல கல்லூரி கிடைக்க ஜெபியுங்கள், ஐயா." கடந்த வாரம் நார்த்தாமலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். அவர்கள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். தகப்பனார் கல்குவாரியில் வேலை செய்கிறவர். மகள் நன்றாகப் படித்திருக்கிறாள். அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள். சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருகிறார்கள். கட்டணமும் விடுதியுமாக ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். சிறுவயது முதல் அவள் கனவு கண்ட கல்லூரி அது. மற்றொரு வழி, கலந்தாய்வுக்குக் காத்திருந்து காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற ஒன்றில் சேருவது. தாயார் என்னிடம் கேட்டார்: "விசுவாசத்தோடே அடியெடுத்து வைக்கலாமா, ஐயா?"

என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு குடும்பம் இதே கேள்வியைக் கேட்டது. "கர்த்தர் திறந்த வாசல், தயங்காதீர்கள்" என்று சொல்லி ஜெபித்துவிட்டு வந்தேன். அவர்கள் வீட்டை அடகு வைத்தார்கள். மகன் படித்து முடித்தான். ஆனால் கடனை அடைக்கும் அளவுக்கு வேலை அமையவில்லை. வீடு போயிற்று. அவர்கள் என்னைக் குறை கூறியதே இல்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. அன்று அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கெழுத எனக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. அதைச் செய்யாமல், என் அவசரத்துக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டினேன்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று நம் ஆண்டவர் கேட்கிறார். தம்மைப் பின்பற்றுவதன் விலையைக் குறித்தே அந்த உவமையைச் சொன்னார் என்பது மெய்தான். ஆயினும் கணக்குப் பார்க்கிறவனை அவர் அவிசுவாசி என்று கடிந்துகொள்ளவில்லை. பாராமல் தொடங்கியவனே அஸ்திபாரத்தோடு நின்று நகைப்புக்கு ஆளாகிறான். நகரத்தார்மலை என்னும் பெயரே நார்த்தாமலை என்று மருவியதாகச் சொல்வதுண்டு. சோழர் காலத்தில் வணிகக் குழுவினர் செழித்திருந்த ஊர் இது. இன்றும் கல்லோடு உழைக்கிறவர்களின் ஊர். ஒரு வீட்டுக்கு எத்தனை லோடு கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று விரல்விட்டுச் சொல்லும் நம் மக்கள், கல்லூரி என்று வந்தால் மட்டும் கணக்குக் கேட்பதையே பாவமாக எண்ணுவது ஏன்?

ஆகவே அன்றிரவு கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 8 லட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி உறங்குவதில்லை. தனிவட்டியாகப் பார்த்தாலும், திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் கடன் 10 லட்சத்து 80 ஆயிரமாகியிருக்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதந்தோறும் ஏறக்குறைய 14,270 ரூபாய் கட்டவேண்டும். முடிவில் கட்டியிருக்கும் தொகை 17 லட்சத்தைத் தாண்டும். கடன் பத்திரத்தில் மகளோடு தகப்பனாரும் கையெழுத்திடுவார். கடனுக்குப் பிணைப்பட்டவனுடைய படுக்கையும் எடுத்துக்கொள்ளப்படலாம் என்று நீதிமொழிகள் 22:26-27 எச்சரிப்பது இத்தகைய கையெழுத்தைக் குறித்துத்தான்.

இன்னொன்றையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குரிய கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேருகிறவர்களுக்கே உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கைவிட்டுப்போகும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. இவற்றை விசாரித்து அறியாமல் கடன் வாங்குவது, முற்றத்தில் கிணறு இருக்கத் தண்ணீரை விலைக்கு வாங்குவதை ஒக்கும்.

அப்படியானால் கனவுக் கல்லூரியை நாடுவதே தவறா? அப்படி நான் சொல்லவில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்து முடித்த அப்துல் கலாம், சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாமல் நின்றபோது, அவருடைய சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அது வீண் செலவன்று. அவர் விரும்பிய விமானப் பொறியியல் அங்கே இருந்தது. கொடுத்தவரும் எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுத்தார்; பெற்றவரும் அந்த நகைகளைத் தம் உழைப்பால் மீட்கவேண்டும் என்ற பாரத்தோடு படித்தார். உங்கள் பிள்ளை நாடும் கல்லூரியில் மட்டுமே கிடைக்கும் ஒன்று இருக்கிறதா, அல்லது அதன் பெயருக்காக மட்டும் ஆசைப்படுகிறோமா? வேலை கிடைக்கத் தாமதமானாலும் அந்தக் கடனைக் குடும்பம் தாங்குமா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாக விடை சொல்லக்கூடுமானால் தைரியமாய்ப் போங்கள். கூடாதாயின், அருகிலுள்ள கல்லூரியைத் தேவன் தந்த வாசலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அருகிலுள்ளதை அற்பமாக எண்ணாதீர்கள். நாசரேத்திலிருந்து நன்மை வருமோ என்று நாத்தான்வேல் ஐயப்பட்டதை அறிவீர்கள். நம் மாவட்டத் தலைநகரின் மன்னர் கல்லூரியில், பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்ற எதிர்ப்புக்கு நடுவே ஒரு மாணவி சேர்ந்தார். அங்கே படித்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1912-இல் மருத்துவரானார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாயிருந்தவர். புதுக்கோட்டையில் தொடங்கியதால் அவருடைய ஓட்டம் குறுகிப்போகவில்லை.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் கணக்கைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள். "நீ படி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அன்பின் வார்த்தைதான். ஆனால் அவள் சுமக்கப்போகும் கடனை அவளுக்குத் தெரியாமல் வாங்குவது நியாயமன்று. அன்றிரவு அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டது ஒன்றே: "அப்பா, தம்பி படிக்கவும் இதே வீடுதானே இருக்கு?" ஒருவரும் பேசவில்லை. தகப்பனார் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். தீர்மானம் அவர்களுடையது, அதை அவர்கள் ஜெபத்தோடு எடுப்பார்கள்.

சபையாரே, நமக்கும் ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளிடம் "எந்தக் கல்லூரி?" என்று கேட்கிறோம். பெரிய பெயரைச் சொன்னால் கண்கள் விரிகின்றன. அரசுக் கல்லூரி என்றால் "அப்படியா" என்று நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு "அப்படியா"வுக்கு அஞ்சியே எத்தனையோ வீடுகள் அடகுக்குப் போகின்றன. இனி "என்ன படிக்கப் போகிறாய், உனக்காக எதற்கு ஜெபிக்கட்டும்?" என்று கேட்போம். கலந்தாய்வின் நடைமுறை அறிந்தவர்கள் அறியாதவர்களோடு ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள். அதுவும் ஊழியமே.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். பெருமைக்காகக் கடன்படாமலும், பயத்தினால் அழைப்பைக் கைவிடாமலும் எங்களைக் காத்தருளும். உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பொறுமையையும், பார்த்தபின் உம்மை நம்பி நடக்கும் தைரியத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.