'பழகிடும் ப்ரோ' என்பது வைத்தியம் இல்லை

1/ புதுசா ரோடு சைக்கிள் வாங்கினவங்க "கை மரத்துப் போகுது, முட்டி வலிக்குது"ன்னு குரூப்ல கேட்டா வர்ற முதல் பதில்: "பழகிடும் ப்ரோ." அரசு மருத்துவமனையில ஓபி பார்க்கிறவனா சொல்றேன், எல்லாம் பழகாது. தொடை வலி பழகும், மூச்சு வாங்குறது பழகும். நரம்பு நசுங்குறது பழகாது.

2/ சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுதா? உள்ளங்கை ஓரத்துல ஓடுற அல்நார் நரம்பை ஹேண்டில்பார் அழுத்துது. கண்டுக்காம விட்டா விரல் பலமே குறையலாம். அடிக்கடி பிடியை மாத்துங்க. முழங்கையை லேசா மடக்கி வைங்க. சீட் முன்பக்கம் சரிஞ்சிருந்தா உடம்பு எடை மொத்தமும் கை மேலதான் விழும், அதையும் பாருங்க.

3/ வெளிய யாரும் சொல்லாத விஷயம்: பிறப்புறுப்பு மரத்துப் போறது. ஆண், பெண் ரெண்டு பேருக்கும் வரும். தடிமனான ஜெல் கவர் தீர்வு இல்ல, அது அமுங்கி நடுவுல இன்னும் அழுத்தும். உங்க இடுப்பெலும்பு அகலத்துக்கு ஏத்த சீட் வேணும். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை எழுந்து நின்னு மிதிங்க. இறங்கின பிறகும் மரப்பு போகலன்னா டாக்டரைப் பாருங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல.

4/ முட்டிக்கு முன்னாடி வலியா? பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்னாடியா? சீட் உயரம். குதிகாலை பெடல்ல வைங்க, பெடல் கீழ வரும்போது கால் நேரா நீளணும். ஒரு ஆலன் கீ போதும். கனமான கியரை முக்கி மிதிக்கிறது வீரம் இல்ல, முட்டிக்குச் செய்யற துரோகம்.

5/ பேடட் ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடாதீங்க. தையல் உரசிப் புண்ணாகும். வீட்டுக்கு வந்ததும் கழட்டிட்டுக் குளிங்க. சர்க்கரை இருக்கிறவங்க இதுல ரொம்ப கவனமா இருக்கணும்.

6/ நம்ம ஊர் புழுக்கத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டினா வெறும் தண்ணி போதாது. ஒரு பாட்டில்ல ஓஆர்எஸ் கலந்துக்கோங்க. பாக்கெட்ல கடலை மிட்டாய்.

7/ மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் விதி மோட்டார் சைக்கிளுக்குத்தான், சைக்கிளுக்கு இல்ல. சட்டம் கேட்காது, தார் ரோடு கேட்கும். விடியுமுன் ஈசிஆர்ல பின்பக்க சிவப்பு லைட் இல்லாம போறவங்களைப் பார்த்தா எனக்குப் பதறுது. லாரிக்காரர் கண்ணுக்கு நீங்க தெரியணும்.

8/ சீட் பைக்குள்ள: மாத்து ட்யூப், டயர் லீவர், குட்டி பம்ப், பேர், ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதின அட்டை. அடிபட்டா 108.

9/ லட்ச ரூபாய்க்கு கார்பன் சைக்கிள் விக்கிற கடைக்காரங்களே, சீட் சரிபண்ண பதினஞ்சு நிமிஷம் ஒதுக்க முடியாதா? குரூப் சீனியர்களே, அடுத்த தடவை ஒரு புதுப் பையன் வலின்னு சொன்னா "பழகிடும்"னு சொல்லாதீங்க. "சீட் உயரம் பார்த்தியா?"ன்னு கேளுங்க. வலி தாங்க முடியாம சைக்கிளை மூலையில சாத்தினவங்கள்ல பாதிப் பேருக்கு அந்த ஒரு கேள்வியே போதுமா இருந்திருக்கும்.